அறுவதற்கு முன்னால் சிவக்கும் பொலிமர்: அதில் என்ன ஆராய்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "இழுத்தால் நிறம் மாறும் பொலிமர் பற்றி ஒரு இரசாயனவியல் பேராசிரியர் ஆராய்வதாகப் படித்தேன். தகைப்பு (இழுக்கும்போது உள்ளே ஏறும் விசை) பட்டால் அதற்குள் என்ன நடக்கிறது? நம் மலையகத்தில் அதற்கு என்ன வேலை?"

நான் ஹட்டன் பக்கம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஆனால் இந்த விசயத்தில் எனக்குப் பிடிப்பு வந்தது அப்பாவால். அவர் ஒரு தேயிலை ஃபெக்டரியில் மெஷின் வேலை பார்த்தவர். ரோலர்களை ஓட்டும் பெல்ட்டுகள் அவர் பொறுப்பு. மெஷின் நிற்கும் நேரத்தில் பெல்ட்டைச் சாண் சாணாக மடித்து, மடிப்பின் முதுகில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் தட்டினால் வெடிப்பு. தட்டாவிட்டால் இன்னும் ஓடும். ஒருநாள் காலையில் நகம் எதிலும் தட்டவில்லை. அன்று இராத்திரியே அது அறுந்து அடித்தது. வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

நகத்துக்குத் தெரியாதது எது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. இறப்பரும் பிளாஸ்டிக்கும் மிக நீளமான மூலக்கூற்றுச் சங்கிலிகளால் ஆனவை. இப்படிப்பட்டவற்றைத்தான் பொலிமர் என்கிறோம். 1920இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் ஹேர்மன் ஸ்டோடிங்கர் இதைச் சொன்னபோது பெரிய இரசாயனவியலாளர்களே நம்பவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பொருளை இழுத்தால் எல்லாச் சங்கிலியும் ஒரே அளவு பாரம் தாங்குவதில்லை. விறைத்து நிற்கும் சில சங்கிலிகள் முதலில் அறும். அவற்றின் பாரம் பக்கத்துச் சங்கிலிகளுக்குப் போகும், பிறகு அவையும் அறும். நகத்தில் தட்டுகிற வெடிப்பு இந்தக் கதையின் கடைசிப் பக்கம்.

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மூர், நான்சி சொட்டோஸ் ஆகியோரின் குழு, முதல் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றைச் செய்து 2009இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. ஸ்பைரோபைரான் என்ற மூலக்கூறைச் சங்கிலியின் நடுவில் கோத்தார்கள். அதற்குள் ஒரு காபன்–ஒட்சிசன் பிணைப்பு மற்றப் பிணைப்புகளைவிட மெலிந்தது. சங்கிலி இறுகும்போது அது முதலில் விட்டுக்கொடுக்கும், மூடியிருந்த வளையம் திறக்கும், மூலக்கூறு நிறம் பெறும். சங்கிலி அறுவதில்லை, இழுவையைத் தாங்கிக்கொண்டே இருக்கும். நடு ஒடுங்கிய ஒரு மாதிரித் துண்டை இழுத்தபோது, அறுவதற்கு முன்பே அது சிவந்தது.

பிளாஸ்டிக் ரூலரை மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுமே, அதுவும் இதுதானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. அது பொருளுக்குள் உண்டாகும் மிகச் சிறிய வெடிப்புகளில் ஒளி சிதறுவதால் வருவது. இங்கே மாறுவது மூலக்கூறே.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது சிவந்த துண்டல்ல, சிவக்காத துண்டு. அதே ஸ்பைரோபைரானைச் சங்கிலியின் நடுவில் கோக்காமல் நுனியில் வைத்தும் இழுத்துப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. இதை வகுப்பில் கயிறு இழுத்துத்தான் காட்டுவேன். கயிற்றை நடுவில் வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் தையல் நூலால் முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேரை இழுக்கச் சொன்னால் நூல் பட்டென்று அறும். அதே நூலை முழுக் கயிறு ஒன்றின் நுனியில், பிடித்திருக்கும் கைக்கு வெளியே தொங்கவிட்டால், எவ்வளவு இழுத்தாலும் நூலுக்கு ஒன்றும் ஆகாது. நுனியில் இழுவை இல்லை. ஆகவே நிறத்தைக் கொண்டுவந்தது சூடோ வெளிச்சமோ அல்ல, சங்கிலி வழியாக வந்த விசைதான் என்று அந்தச் சிவக்காத துண்டு நிரூபித்துவிட்டது. நல்ல பரிசோதனை எப்படி இருக்கும் என்று கேட்கிற பிள்ளைக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

இதற்கு இரண்டு வருடம் முந்தி, 2007இல், மூரின் குழு இன்னொன்றையும் காட்டியிருந்தது. கரைசலில் மிதக்கும் பொலிமருக்குள் கழியொலி அலைகளை (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியை) செலுத்தினால் சின்னக் குமிழிகள் உண்டாகி உடையும். அப்போது எழும் பாய்ச்சல் சங்கிலிகளைப் பிடித்து இழுக்கும். அப்படி இழுத்தபோது ஒரு வளைய மூலக்கூறு, சூடு அல்லது ஒளி கொடுத்தால் திறக்காத திசையில் திறந்தது. விசை என்பது உடைக்க மட்டுமல்ல, இரசாயனத் தாக்கத்தின் வழியைத் தெரிவுசெய்யவும் உதவும் என்று அதில் தெரிந்தது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் கிரெய்க் போகிற வழி வேறு. அவரும் எம்.ஐ.ரி. (மசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம்) ஆய்வாளர்களும் 2023இல் காட்டியது முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும்: சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்கிணைப்புகளை மெலிந்ததாக்கினால் பொருள் கிழிவது கடினமாகிறது. பொலிஅக்ரிலேட் என்ற வகைப் பொலிமர் ஒன்றில் கிழிப்பதற்கு வேண்டிய சக்தி 9 மடங்கு வரை கூடியது. வெடிப்பு மெலிந்த இணைப்புகளைத் தேடித்தான் போகும். நீண்ட சங்கிலிகள் தப்பிவிடும். அப்படிச் சுற்றிப் போவதால் அது உடைக்கவேண்டிய இணைப்புகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. அவர்கள் சோதித்தது பெல்ட்டோ டயரோ அல்ல. ஆனால் இறப்பரிலும் இது கைகூடினால், 1876இல் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்காவில் முதல் கன்றுகள் ஊன்றப்பட்ட காலத்திலிருந்து இறப்பரை நம்பியிருக்கிற நம் நாட்டுக்கு அது சின்ன விசயமல்ல.

நம் ஊரில் என்ன வேலை என்று கேட்டீர்கள். பெல்ட், பாரம் தூக்கும் பட்டி, கயிறு என்று ஆள் உயிரோடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் வேலை இருக்கிறது. இருந்தும் நிறம் மாறும் பெல்ட் எதையும் நான் எந்த ஃபெக்டரியிலும் பார்த்ததில்லை. ஏன் என்பதற்கு ஒரு காரணத்தை என்னைவிட முதலில் பிடித்தவர் அப்பா. சிவந்த துண்டின் படத்தை ஃபோனில் காட்டி, முழுக்கதையையும் சொன்னேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஃபெக்டரியில ராத்திரி முழுக்க லைட் எரியுமேடா. அந்த வெளிச்சத்துல இந்தச் செவப்பு நிக்குமா?"

நிற்காது. ஸ்பைரோபைரானின் சிக்கலே அதுதான்: திறந்த வளையம் சாதாரண வெளிச்சத்தில் மறுபடி மூடிக்கொள்ளும், நிறம் போய்விடும். வெயிலில் உள்ள ஊதாக்கடந்த கதிர் பட்டால் இழுவையே இல்லாமலும் நிறம் வரும். நெதர்லாந்தில் ரின்ட் சைபெஸ்மா குழு 2012இல் வேறு மூலக்கூறு ஒன்றைக் கோத்து, பிணைப்பு அறும் கணத்திலேயே ஒளி விடுகிற பொலிமரைச் செய்தது. அதையும் அப்பாவிடம் சொன்னேன்.

"அது பரவாயில்ல. ஆனா அந்நேரம் ஒருத்தன் பக்கத்துல நின்னு பார்க்கணுமே" என்றார்.