எஞ்சின் மாற்றிய லோரியில் டீசல் மீட்டர் தப்பாகக் காட்டுகிறது. ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) வழியாக வயர் போட்டுச் சரி செய்ய முடியுமா?

முடியும். பழைய லோரியில் ஹாஃப் கட் (பாதியாக வெட்டி வரும் பழைய வண்டி) எஞ்சின் ஏற்றியிருப்பீர்கள், டேங்க் மட்டும் பழசாகவே இருக்கும், போர்மேன் "முள் ஆடுது இல்ல, போதும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னியுங்கள். இங்கே மலேசியாவில், சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தையில் நான் பார்த்த முக்கால்வாசி லோரி அப்படித்தான் வந்தது. 2007இல் ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், நாங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். இங்கே நான் வயர்மேன்.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. என் சித்தப்பா ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு எல்லாத் தோட்டத்திலும் டீசல் கணக்கு கெடுபிடியாகிவிட்டது. சித்தப்பா லோரிக்கு அப்போதுதான் வேறு எஞ்சின் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் நூறு லிட்டர் டேங்கை நிரப்புவார்கள். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போட வேண்டும், ஆலை வாசலில் வரிசை நிற்கும், அதனால் அவர் திரும்பும்போது இருட்டிவிடும். ஆபீஸ் கிராணி (கணக்கர்) ராத்திரி மீட்டரைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். டீசல் ஊற்றிய அன்றைக்கெல்லாம் ஓடிய தூரத்துக்கு மேல் 12 லிட்டர் குறைந்தது. மூன்று வாரம் பார்த்துவிட்டு சித்தப்பாவைக் கூப்பிட்டு, "எங்கே விற்கிறாய்?" என்று கேட்டார்கள்.

முப்பது வருடமாக லோரி ஓட்டுகிற மனிதர். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அவரைக் குலை தூக்க அனுப்பினார்கள், 54 வயதில்.

அவர் மீட்டரை நம்புகிற ஆளே இல்லை. ஒரு ரோத்தான் குச்சியில் லிட்டருக்குக் கோடு கீறி வைத்திருக்கிறார், அதை டேங்கில் விட்டுத்தான் பார்ப்பார். குச்சிக் கணக்கில் ஒரு சொட்டு குறையவில்லை. அதை ஆபீசில் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் எஞ்சின், கம்ப்யூட்டர் மீட்டர், அது பொய் சொல்லுமா என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் லோரிக்கு அடியில் படுத்தேன். டேங்குக்குள் டீசல் அளவைப் பார்க்கும் மிதவை சென்சாரை டேங்க் யூனிட் என்போம். அதன் எர்த் வயரை சேசிஸில் (லோரியின் இரும்புச் சட்டத்தில்) ஒரு துருப்பிடித்த போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். பின் விளக்குகளின் எர்த்தும் அதே போல்ட்டில். மல்ட்டிமீட்டரை ஓம் (மின்தடை) பக்கம் வைத்துப் பார்த்தால் எர்த் நன்றாக இருப்பதாகவே காட்டும். பல பேர் ஏமாறுவது இங்கேதான். விளக்கைப் போட்டு, கரண்ட் ஓடும்போது வோல்ட்டேஜ் பார்க்க வேண்டும். டேங்க் யூனிட் சிக்னல் வந்து சேரும் ஈசியூ முனையில் விளக்கு இல்லாமல் 0.77 வோல்ட். விளக்கைப் போட்டதும் 0.94. அந்த போல்ட்டில் மட்டும் 0.2 வோல்ட் விழுகிறது. ஜப்பான் லோரிகள் பலவற்றில் டேங்க் காலியாகக் காலியாக யூனிட்டின் ஓம் ஏறும், வோல்ட்டேஜும் ஏறும். அதனால் விளக்குப் போட்டால் ஈசியூ டீசல் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. காலையில் வெளிச்சத்தில் நிரப்பினார்கள், ராத்திரி விளக்கோடு மீட்டர் பார்த்தார்கள். அந்த 12 லிட்டர் டேங்கை விட்டு எங்கேயும் போகவில்லை.

கிராணியைக் கூப்பிட்டு அவர் கண் முன்னாலேயே விளக்கை அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டுக் காட்டினேன். முள் கொஞ்சம் தாமதித்து இறங்கும், மறுபடி ஏறும். குலுங்கும்போது முள் ஆடாமலிருக்க ஈசியூ கணக்கை மெதுவாகத்தான் மாற்றும், அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து பார்த்தோம்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். முதலில் வயரிங் படம் பாருங்கள். எல்லா வண்டியிலும் டேங்க் யூனிட் ஈசியூவுக்குப் போகாது, பலவற்றில் நேராக டேஷ்போர்டு மீட்டருக்குத்தான் போகும். உங்களுடையதில் ஈசியூ வழிதான் என்றால், டேங்க் யூனிட்டிலிருந்து இரண்டு வயரையும் ஈசியூவுக்கே கொண்டுபோங்கள்: ஒன்று சிக்னல், இன்னொன்று ஈசியூவின் சென்சார் எர்த். சேசிஸில் மாட்டாதீர்கள். யூனிட் டேங்க் உடம்பு வழியாகவே எர்த் எடுக்கிற வகை என்றால், அந்த உடம்பிலிருந்து தனி வயர் போட்டுக் கொண்டுபோங்கள், வேறு எந்த எர்த்தோடும் சேர்க்காதீர்கள். பழைய மீட்டர் வயர் அதே யூனிட்டில் இருந்தால் கழற்றிவிடுங்கள். பழைய மீட்டர் பேட்டரி கரண்டை அந்த வயரில் அனுப்பும், ஈசியூ எதிர்பார்ப்பது 5 வோல்ட். 24 வோல்ட் லோரியில் இரண்டையும் சேர்த்துவைத்தால் ஈசியூ உள்ளீடே எரிந்துபோகலாம்.

அப்புறம் ஓம் பொருத்தம். பழைய ஜிஎம் வண்டிகளில் காலியென்றால் 0, நிறைந்தால் 90 ஓம். பின்னால் வந்தவற்றில் 40இலிருந்து 250. ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் தலைகீழ், காலியில் நூறைத் தாண்டும், நிறைந்தால் சில ஓம்தான். ஈசியூ ஒரு வகையை எதிர்பார்த்து டேங்கில் இன்னொரு வகை இருந்தால் எந்த வயரிங்கும் உதவாது. யூனிட்டை மாற்றுங்கள், அல்லது எத்தனை வோல்ட்டுக்கு எத்தனை லிட்டர் என்று ஈசியூவில் உள்ள அட்டவணையை மாற்றுங்கள்.

அட்டவணையை மாற்றுகிறவர்கள் காலி, நிறைவு என்று இரண்டு புள்ளி மட்டும் கொடுத்துவிட்டு நடுவில் நேர்கோடு போடக் கூடாது. சித்தப்பா லோரியில் காலி டேங்க் 108 ஓம், ஈசியூ உள்ளே 220 ஓம் வழியாக 5 வோல்ட் கொடுக்கிறது, ஆக ஈசியூ முனையில் 1.65 வோல்ட். ஓம் பாதியாகி 54 ஆனால் 0.82 வர வேண்டும் என்று நினைப்போம், வருவது 0.99. இதன் மேல் டேங்க் வடிவமும் சேரும். படுத்த உருளை டேங்கில் கால்வாசி உயரத்துக்கு டீசல் இருந்தால் அளவு கால்வாசி இல்லை, கிட்டத்தட்ட 20 சதவீதம்தான். அதனால் டேங்கைக் காலி செய்து, லோரியைச் சமதரையில் நிறுத்தி, பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் டீசல் அடங்கிய பிறகு வோல்ட்டேஜை எழுதி, அந்தப் பத்து எண்களையும் போடுங்கள். எனக்கு அரை நாள் பிடித்தது.

ஒரு மீட்டருக்கு இவ்வளவா, குச்சி போதாதா என்று சிலர் கேட்பார்கள். குச்சி சரியாகத்தான் சொன்னது என்று நானே எழுதியிருக்கிறேன். ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஏறுவது மீட்டர். ஈசியூவில் கை வைக்கக் கூடாது என்பவர்களுக்கும் சொல்கிறேன், டீசல் அளவு அட்டவணை எஞ்சின் ஓடுவதைத் தொடாது. மற்ற இடங்களைத் தொடாதீர்கள், மாற்றும் முன் பழையதைச் சேமித்து வையுங்கள்.

சித்தப்பாவுக்கு லோரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். தப்பு எங்களுடையது என்று ஒரு வார்த்தை வரவில்லை. சாவி திரும்பி வரும்வரை சித்தி தூங்கவில்லை. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். என் தாத்தா பால் மரம் சீவிய காலத்திலிருந்து அதே லயத்தில் இருக்கிறோம். மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு கதவு எங்கள் பெயரில் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஓய்வு பெற்றவர்கள் சாமான் சட்டியோடு டவுனில் வாடகை வீடு தேடி அலைகிறார்கள். நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். ஒரு முள் பத்து லிட்டர் தப்பாகக் காட்டினால் எதுவரை போகும் என்று எனக்குத் தெரிந்ததால் எழுதினேன்.

இன்றைக்கு ராத்திரி லோரியை நிறுத்திவைத்து, விளக்கைப் போட்டும் அணைத்தும் முள்ளைப் பாருங்கள். ஸ்கேனர் (ஈசியூவைப் படிக்கும் கருவி) கிடைத்தால் ஈசியூ சொல்லும் சதவீதத்தையும் எழுதுங்கள். ஈசியூ 50 சொல்லி முள் 35இல் நின்றால் கோளாறு டேஷ்போர்டு பக்கம், டேங்கைத் தொட வேண்டாம். அந்த இரண்டு எண்களோடு எஞ்சின் மாடலையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.