எடுப்பதற்கு முன் எதை ஓதுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தைக்கு 84 வயது. நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். பேச்சு தெளிவாக இருந்தபோது, "என் சாவுக்குப் பட்டாசு வேண்டாம், ஆட்டம் வேண்டாம்; எடுப்பதற்கு முன் நல்ல தமிழில் ஏதாவது ஒன்றை யாராவது படியுங்கள், போதும்" என்று என்னிடமும் அண்ணனிடமும் சொன்னார். அண்ணன் சிவபுராணம்தான் என்கிறார். எனக்கோ 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்னும் புறநானூற்றுப் பாடல் பொருத்தமாகத் தோன்றுகிறது. உயிரோடு இருக்கிற மனிதருக்கு இப்போதே பாட்டுத் தேடுகிறீர்களா என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அம்மாவின் அழுகையில் நியாயம் இருக்கிறது, ஆனால் தேடச் சொன்னவர் உங்கள் தந்தையேதான். ஆகவே தேடுங்கள், அம்மாவின் காதுபடப் பேசாதீர்கள். முடிவு செய்த பிறகு, தந்தையின் புத்தகத்திலேயே அந்தப் பக்கத்தில் அடையாளமாக ஒரு நூலிழையைச் செருகி அலமாரியில் வைத்துவிடுங்கள். இறப்பு நேர்ந்த அன்று ஐஸ் பெட்டிக்குச் சொல்வதும், வெளியூர்க்காரர்களுக்குத் தகவல் கொடுப்பதும், எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்வதுமாகப் பொழுது போய்விடும். பாட்டுத் தேட யாருக்கும் கை ஓடாது.

அண்ணன் சொல்வது பழைய வழக்கம். சைவக் குடும்பங்களில் இறப்பு வீட்டில் திருவாசகம் ஓதுகிறார்கள்; சிவபுராணம் அதன் முதல் பகுதி. 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று பிறவிகளை அடுக்கிக்கொண்டே வந்து, 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்' என்று களைத்து நிற்கிற அந்த வரி, மூன்று மாதம் படுக்கையில் கிடந்த ஒருவருக்காக ஓதப்படும்போது தத்துவமாகக் கேட்பதில்லை, அவரே பெருமூச்சு விடுவதுபோல் கேட்கிறது. ஆனால் சிவபுராணம் 95 அடிகள். குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு முடித்து, தூக்குகிறவர்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் 95 அடியை ஓதத் தொடங்கினால், பாதியிலேயே யாராவது ஒரு பெரியவர் "நேரமாகிறது" என்று குரல் கொடுப்பார்.

எனக்கே அது நடந்திருக்கிறது. என் தந்தை இறந்தபோது கணினியில் அச்சிட்ட தாளை ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடிமேல் வைத்திருந்தேன். கண்ணாடி வியர்த்ததில் தாள் நனைந்து, ஓத எடுத்தபோது நடுவிலிருந்த பத்துப் பதினைந்து வரிகள் கறுப்புத் திட்டாகிவிட்டிருந்தன. அந்த இடம் வந்ததும் வாயடைத்து நின்றேன். பின்னால் நின்றிருந்த என் மாமா, எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிறவர், அடுத்த அடியை மனப்பாடமாக எடுத்துக் கொடுத்தார். கடைசிவரை அவர்தான் ஓதினார், நான் பின்பாட்டு. ஆகையால் அச்சுத்தாளை நம்பாதீர்கள், புத்தகத்தையே கையில் வைத்திருங்கள். குரல் உடைந்தால் தொடர்வதற்கு இன்னொருவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் விரும்பும் கணியன் பூங்குன்றனாரின் பாடல் 13 அடிதான், நேரம் தடையில்லை. ஆற்று நீரின் வழியே போகும் மிதவையைப் போல உயிரும் முறைவழியே போகிறது என்று அது சொல்வதற்கு மேல் இறப்பைப் பற்றி அமைதியாகச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அதே பாடலில் 'வாழ்தல் இனிதென மகிழ்ந்தன்றும் இலமே' என்றும் வருகிறது. வாழ்க்கை இனிதென்று மகிழ்ந்ததும் இல்லை என்பதை, அந்த மனிதரோடு இத்தனை ஆண்டு வாழ்ந்து, தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அம்மாவின் காதில் அன்றைக்கு விழச் செய்ய வேண்டுமா என்று யோசியுங்கள். தெருவில் நிற்கிற கூட்டத்துக்கும் சங்கத் தமிழ் ஒரு முறை கேட்டுப் பொருள்படாது. அந்தப் பாடலைப் பதினாறாம் நாள் படத்திறப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து கேட்பார்கள், நீங்களும் நின்று பொருள் சொல்லலாம்.

எடுக்கும் நேரத்துக்கு என் யோசனை உங்கள் ஊர்ப் பாட்டுத்தான். பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய அப்பர், கரையேறவிட்ட குப்பத்தில் கரைசேர்ந்து, உங்கள் பாடலீசுவரர் கோயிலுக்கு வந்து பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன் தோன்றினராய்' என்று தொடங்குகிறது. பெற்றவள், தகப்பன், உடன்பிறந்தார் என்று குடும்பம் முழுவதையும் முதல் அடியிலேயே அழைத்துக்கொண்டு, 'தோன்றாத் துணையாய் இருந்தனன் தன் அடியோங்களுக்கே' என்று அதன் முதல் பாட்டு முடிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற துணை. கோயிலில் அந்தச் சாமிக்கே தோன்றாத்துணைநாதர் என்று பெயர் உண்டு. அந்த முதல் பாட்டு நான்கே அடி, அரை நிமிடம் போதும், தெருவில் நிற்பவருக்கும் புரியும். அதை நீங்கள் ஓதுங்கள். சிவபுராணத்தை அண்ணன் முந்தின இரவு, கூட்டம் குறைந்தபின் உட்கார்ந்து நிதானமாக ஓதட்டும்.

யாராவது பட்டினத்தாரின் பாடல்களை நினைவூட்டுவார்கள். அவை தாய்க்குக் கொள்ளியிட்ட மகன் பாடியவை, தந்தைக்கு ஒட்டாது.

கேள்வி: சென்ற ஆண்டு என் சித்தப்பாவின் அடக்கத் திருப்பலியில் அவருக்குப் பிடித்த கவிதை ஒன்றை முதல் வாசகத்துக்குப் பதிலாக வாசிக்க அனுமதி கேட்டேன், மறுத்துவிட்டார்கள். இப்போது 79 வயதான என் தாயார், தன் அடக்கத்துக்கான வாசகங்களை நாங்களே தேர்ந்து வைக்க வேண்டும் என்கிறார். பிரான்சில் பிறந்து வளர்ந்த என் மகனும் வாசிக்க ஆசைப்படுகிறான். அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.
— வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: மறுத்தது உங்கள் சித்தப்பாவை அவமதிக்க அல்ல. திருப்பலியில் விவிலிய வாசகத்தின் இடத்தில் வேறெதையும் வைப்பதற்கில்லை. எவ்வளவு உயர்ந்த கவிதைக்கும் அதுதான் விதி. கவிதையை முந்தின நாள் வீட்டில் செபமாலை முடிந்ததும் வாசிக்கலாம். நன்மை (நற்கருணை) வாங்கிய பிறகு குடும்பத்தார் சில வார்த்தை பேசப் பங்குத்தந்தை இசைவார் என்றால், அங்கே இரண்டு வரி சேர்க்கலாம்.

அடக்கத் திருப்பலிக்கென்று வகுக்கப்பட்ட வாசகங்கள் நிறையவே இருக்கின்றன. அவற்றிலிருந்து பங்குத்தந்தையோடு பேசி நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். பலரும் சாலமோனின் ஞானம் 3ஆம் அதிகாரத்தையே எடுக்கிறார்கள், நீதிமான்களின் ஆன்மா கடவுளின் கையில் இருக்கிறது என்ற ஆறுதலுக்காக. நீண்ட நோயில் வாடியவருக்கு அதைவிடப் புலம்பல் 3ஆம் அதிகாரம் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆறுதலுக்கு வருமுன் அது முதலில் துன்பத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ஈஸ்டரைத் தொடர்ந்து வரும் பாஸ்கா காலத்தில் அடக்கம் நேர்ந்தால் முதல் வாசகம் புதிய ஏற்பாட்டிலிருந்து வரும், ஆகவே மாற்றாக ஒன்றையும் குறித்து வையுங்கள். நற்செய்தியைக் குருவோ திருத்தொண்டரோதான் வாசிப்பார்.

பேரனுக்குத் திருப்பாடல் 23ஐக் கொடுக்கலாம். பதிலுரை தமிழிலேயே, 'ஆண்டவரே என் ஆயர். எனக்கேதும் குறையில்லை' என்று எல்லோரும் பாட, நடுவிலுள்ள வரிகளை அவன் பிரெஞ்சில் வாசிக்கப் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். புதுச்சேரிக் கோயில்களுக்குப் பிரெஞ்சு புதிதல்ல. ஒன்றை மட்டும் அவனுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்: பிரெஞ்சு வழிபாட்டு நூலில் அதே பாடல் 22 என்ற எண்ணில் இருக்கும். 23ஐத் திறந்து வைத்துக்கொண்டு அவன் வேறொரு பாடலை வாசிக்கத் தொடங்கிவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் மாமனார் வள்ளலாரின் சன்மார்க்க அன்பர். தம்மைப் புதைக்க வேண்டும், அழக்கூடாது என்கிறார். அப்படியானால் என்ன ஓதுவது? மருமகளாகிய நான் இடுகாட்டில் ஓதலாமா?
— வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: எரிக்காமல் சமாதியில் வைக்க வேண்டும், கருமாதிச் சடங்குகள் வேண்டாம், கணவனை இழந்தவளின் தாலியை வாங்க வேண்டாம் என்பவை வள்ளலார் சொன்னவையே, மாமனார் புதிதாக எதையும் கேட்கவில்லை. 'அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி' என்ற மகாமந்திரத்தைக் கூடியிருப்பவர்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டே போகலாம். அதற்குத் தனியாக ஒருவர் வாசிக்கத் தேவையில்லை. நீங்கள் ஓதுவதற்குச் சன்மார்க்கத்தில் தடையில்லை. தடுத்தால் உறவினர்கள்தான் தடுப்பார்கள். அதனால் மாமனாரையே இப்போது, நான்கு பேர் இருக்கும்போது, "என் மருமகள்தான் ஓத வேண்டும்" என்று ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள். தானாக அழுகை வந்தால் அழுதுவிட்டு, மீண்டும் மந்திரத்தைத் தொடருங்கள்.