ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் அலைகிறது, சொன்னதையே சொல்கிறேன். என்ன செய்யலாம்?

முதல் வாரமே ஒரு மணி நேரம் என்று தீர்மானிப்பதுதான் பலருடைய ஜெபத்தை முறித்துவிடுகிறது. பத்து நிமிடம் போதும். ஆனால் தினமும் அதே நேரம், அதே இடம், கைபேசி வேறு அறையில்.

சொந்த வார்த்தைகளில் தொடங்காதீர்கள். நம் தேவைகள் நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை. அதனால்தான் சொன்னதே திரும்ப வருகிறது. வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் ஒன்றை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். மனதைத் தொடும் வசனத்தில் நின்று, அதையே உங்கள் விண்ணப்பமாக்குங்கள். 13-ஆம் சங்கீதம் நல்ல தொடக்கம்: ஆறே வசனங்களில் “எதுவரைக்கும்” என்ற முறையீடு துதியாக மாறுகிறது. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. துக்கத்தில் இருப்பவர் சந்தோஷமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. வேதமே துக்கத்துக்கு இடம் தருகிறது.

பிறகு மத்தேயு 6:9-13, இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம். அங்கே அன்றாட ஆகாரத்துக்கு முன்பே தேவனுடைய நாமம், ராஜ்யம், சித்தம் வருகின்றன. அந்த வரிசையிலேயே ஜெபியுங்கள். மற்றவர்களுக்காக, நாளுக்கு மூன்று பெயர். நோட்டில் எழுதி வையுங்கள்.

மனம் அலைந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். குறுக்கே வந்த கவலையையே கர்த்தரிடம் சொல்லிவிட்டு, விட்ட வசனத்துக்குத் திரும்புங்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக ஈடுகட்ட வேண்டாம். அன்றைய பத்து நிமிடம் மட்டும்.