போர்டும் தள்ளிவிட்டது, தம்பிக்கு இனி என்ன வழி?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். வவுனியாவிலிருந்து வந்த என் தம்பியின் தஞ்சக் கோரிக்கையை நியூவர்க்கில் இமிக்ரேஷன் நீதிபதி மறுத்துவிட்டார். தன்னை இரண்டு நாள் பிடித்து வைத்தார்கள் என்று முதல் நேர்காணலில் சொன்னவன், கோர்ட்டில் நான்கு நாள் என்றானாம், அதனால் நம்ப முடியாதாம். இமிக்ரேஷன் அப்பீல் போர்டும் 12 நாளுக்கு முன் தள்ளிவிட்டது. இப்போதுதான் ஊரிலிருந்து கிராம சேவகர் கடிதம் கிடைத்திருக்கிறது. மேல்கோர்ட்டில் தம்பி மறுபடி பேசலாமா?

பதில்: சகோதரி, முதலில் நாளை எண்ணுங்கள். போர்டு தீர்ப்பின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பிலடெல்பியாவில் இருக்கும் மூன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தீர்ப்பு உங்கள் வீட்டுக்கு வந்த நாளும் கணக்கில்லை, மனுவைத் தபாலில் போட்ட நாளும் கணக்கில்லை. மிச்சம் இருப்பது 18 நாள்.

மனுப் போட்டதும் நாடுகடத்தல் நின்றுவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். தானாக நிற்காது. ஸ்டே, அதாவது இடைக்காலத் தடை, கேட்டுத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். நாட்டை விட்டு அனுப்புவதே பெரிய கேடு என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆகவே தம்பி திரும்பிப் போனால் அவனுக்கு என்ன நடக்கும், வழக்கில் என்ன பலம் இருக்கிறது, இரண்டையும் விவரமாக எழுத வேண்டும்.

சரி, உங்கள் கேள்வி. தம்பி அங்கே பேச முடியாது. சாட்சியும் இல்லை, புதுக் காகிதமும் வாங்க மாட்டார்கள். கீழே நடந்த விசாரணையின் பதிவை மட்டும் மூன்று நீதிபதிகள் படிப்பார்கள். அவர்கள் பார்ப்பது உங்கள் தம்பி சொன்னது உண்மையா என்பதை அல்ல, போர்டு சட்டப்படி முடிவெடுத்ததா என்பதை. உண்மை விவரங்களைப் பொறுத்தவரை, நியாயமாக யோசிக்கும் எவரும் வேறு முடிவுக்குத்தான் வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் மாற்றுவார்கள். இது மிகக் கடினமான அளவுகோல், நிறையக் குடும்பங்கள் இங்கேதான் உடைந்துபோகின்றன. 'என் தம்பி பொய் சொல்லவில்லை' என்று மட்டும் எழுதும் மனு தோற்கத்தான் செய்யும்.

ஆனால் சட்டப் பிழையை அவர்கள் புதிதாகப் பார்ப்பார்கள், அங்கேதான் தேட வேண்டும். 2005-ல் வந்த சட்டம் சின்ன முரண்பாட்டையும் நீதிபதி பிடித்துக்கொள்ள இடம் கொடுக்கிறது, அதே சட்டம் சூழ்நிலை முழுவதையும் சேர்த்துப் பார்க்கவும் சொல்கிறது. அந்த முதல் நேர்காணலில் மொழிபெயர்ப்பாளர் எப்படி இருந்தார்? போனிலா? இரண்டு நாள், நான்கு நாள் குழப்பத்துக்குத் தம்பி விளக்கம் சொன்னானா, நீதிபதி அதைத் தீர்ப்பில் தொட்டாரா, போர்டிலும் உங்கள் தரப்பு அதை எழுப்பியதா? போர்டில் எழுப்பாத விஷயத்தை இங்கே முதல் தடவையாகச் சொன்னால், அரசுத் தரப்பு ஆட்சேபித்ததும் பெரும்பாலும் தள்ளப்படும்.

அப்புறம், சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் கீழ் தம்பி பாதுகாப்புக் கேட்டிருந்தால் அந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தம்பியை நம்பவில்லை என்ற ஒரே காரணத்தால் அதையும் தள்ளிவிட்டு, இலங்கை நிலைமை பற்றிய அறிக்கைகளைப் போர்டு திரும்பியே பார்க்கவில்லை என்றால் அது வலுவான வாதம்.

கிராம சேவகர் கடிதத்துக்கு வேறு கதவு. வழக்கை மறுபடி திறக்கும்படி போர்டிடமே கேட்க வேண்டும், போர்டு தீர்ப்பிலிருந்து 90 நாளுக்குள், பொதுவாக ஒரே ஒரு தடவை. விசாரணையின்போது ஏன் அந்தக் கடிதம் கிடைக்கவில்லை என்பதற்கு நல்ல காரணம் வேண்டும். மேல்கோர்ட்டில் மனு இருப்பதால் இந்த 90 நாள் நீளாது, இரண்டையும் சேர்த்தே ஓட்ட வேண்டும்.

ஜெயித்தாலும் அன்றைக்கே தஞ்சம் கிடைத்துவிடாது, பெரும்பாலும் வழக்கு போர்டுக்கே திரும்பிப் போகும். அதுவும் பெரிய விஷயம்தான், தம்பிக்கு இன்னொரு வாய்ப்பு.

அரசு உங்களுக்கு வக்கீல் வைத்துத் தராது. நாளைக்கே ஒரு வக்கீலைப் பிடியுங்கள், மூன்றாவது சர்க்யூட்டில் வாதாட அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். போர்டு தீர்ப்பு, இமிக்ரேஷன் நீதிபதியின் தீர்ப்பு, முதல் நேர்காணல் குறிப்பு, போர்டுக்குக் கொடுத்த வாதம், நான்கையும் கையோடு கொண்டுபோங்கள்.