நொய்யல் குளத்து வண்டலைத் தோட்டத்துக்கு அடிக்கலாமா?

திருப்பூருக்குக் கீழே நொய்யல் தண்ணி பாயுற குளத்து வண்டலை மஞ்சக்காட்டுக்கு அடிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. சோதிக்காம ஒரு லோடுகூட இறக்காதீங்க.

வழக்கமான மண் பரிசோதனை இதுக்குப் பத்தாது. அதுல துத்தநாகம், தாமிரம் பயிருக்குக் கிடைக்கிற அளவுதான் வரும். ஆசிட்ல கரைச்சு காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல்னு நச்சு உலோகங்களோட மொத்த அளவு வேணும்னு கேளுங்க. கூடவே பி.எச். (அமில-காரத் தன்மை), இ.சி.யும் (உப்போட அளவு) பாருங்க; சாயப்பட்டறைத் தண்ணியோட உப்புதான் பயிரை முதல்ல அடிக்கும்.

மதகு ஓரம், நடுக்குளம், தண்ணி நுழையிற வாய்னு அஞ்சாறு இடத்துல எடுங்க. மேல் 10 செ.மீ. ஒரு பை, ஒரு மீட்டருக்குக் கீழே உள்ளது தனிப் பை. ரெண்டையும் கலக்காதீங்க. நம்ம பக்கத்துப் பாறையிலயே குரோமியம் இருக்கலாம். அடிமண்ணோட ஒப்பிட்டாத்தான் வந்து சேர்ந்தது எவ்வளவுன்னு தெரியும். துத்தநாகம் பூசின தகரக் கரண்டி வேண்டாங்க, துத்தநாகக் கணக்கு கெட்டுடும். பிளாஸ்டிக் போதும்.

கிலோவுக்கு காட்மியம் 4.98, ஈயம் 128, குரோமியம் 111 மி.கி. தாண்டினா நீர்வாழ் உயிருக்கே கேடு வர வாய்ப்பு அதிகம்னு வண்டலுக்கான அளவுகோல் சொல்லுது. அது வயலுக்கான வரம்பு இல்ல. ஆனா தாண்டினா அந்த வண்டலை விட்டுடுங்க.

இன்னொண்ணு: தண்ணிக்கடியில கந்தகத்தோட கட்டுண்டு கிடந்த உலோகம், சேறு காத்துப்பட்டுக் காயுறப்போ விடுபடும். கீரை காட்மியத்தை நல்லா இழுக்கும், அதுக்கு மட்டும் போடவே போடாதீங்க.