நாலாவது வேகத்தில் மட்டும் ஏசி காற்று: பழைய ஐகானுக்கு எதை வாங்குவது?

கேள்வி: என்னுடையது 2007ஆம் ஆண்டு ஃபோர்டு ஐகான். ஏசி காற்று நாலாவது எண்ணில் மட்டும் வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்றில் வருவதே இல்லை. “கம்பெனியே மூடிவிட்டார்கள், புளோயர் முழு செட்டையும் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், 14,000 ரூபாய் ஆகும், பாதியை முன்பணமாகக் கொடுங்கள்” என்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள். நாலில் காற்று நன்றாக வருகிறதென்றால் காற்றைத் தள்ளும் புளோயர் மோட்டார் உயிரோடு இருக்கிறது. நாலாவது வேகத்தில் மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போய்விடும். மற்ற மூன்றும் ரெசிஸ்டர் என்ற, மின்சாரத்தைக் குறைத்து அனுப்பும் உள்ளங்கை அளவுப் பாகத்தின் வழியாகத்தான் போகும். உங்கள் காரில் பெரும்பாலும் அதுதான் எரிந்திருக்கிறது. இதற்கு எதற்கு முழு செட்?

கம்பெனி மூடிய கதையை வைத்து நடக்கும் வியாபாரம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது 2021 செப்டம்பரில். நின்றது தயாரிப்புதான்; சர்வீசும் உதிரி பாக விற்பனையும் தொடர்கின்றன. முதலில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லட்டும், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முன் இடைத்தரகர் யாருக்கும் ஒரு ரூபாய் முன்பணம் தராதீர்கள்.

கடைக்குப் போகும்போது பழைய ரெசிஸ்டரைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். அதன் மேல் எழுத்தும் எண்ணும் கலந்து, இடையில் சிறு கோடுகளோடு பாக எண் ஒன்று இருக்கும். துணியால் துடைத்து, வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தரும் பாகத்தில் கடைசித் துண்டில் உள்ள எழுத்து மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் அதே பாகத்தின் திருத்திய வடிவம்தான். பின்களின் எண்ணிக்கையும் திருகுத் துளைகளும் பொருந்துகின்றனவா என்று பழையதோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். “எல்லா ஐகானுக்கும் சேரும் சார்” என்ற சொல்லை நம்பி வாங்கினால் பணம் திரும்பாது.

சென்னை புதுப்பேட்டையில், உடைத்த கார்களிலிருந்து கழற்றி விற்கும் பழைய பாகம் வேண்டாம். அதுவும் இத்தனை ஆண்டு சூடேறித் தேய்ந்ததுதான். ஒரே ஒரு விலக்கு உண்டு: கப்ளர். ரெசிஸ்டர் எரியும்போது அதில் செருகும் பிளாஸ்டிக் கப்ளரும் பல கார்களில் உருகிப் பழுப்பேறிவிடும். உள்ளே பின்னின் பிடி தளர்ந்துவிடும். அதில் புது ரெசிஸ்டரைச் செருகினால் அதே இடம் மறுபடி சூடாகும். கப்ளர் மட்டும் தனியாகப் புதிதாகக் கிடைக்காமல் போகலாம். அப்போது உடைத்த காரிலிருந்து, ஒரு சாண் நீள வயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். வயர் நிறங்கள் உங்கள் காரோடு ஒத்துப்போக வேண்டும், பிளாஸ்டிக் பளிச்சென்று இருக்க வேண்டும், முகர்ந்தால் கருகல் வாடை வரக்கூடாது. இணைக்கும்போது வயரை ஈயத்தால் பற்றவைத்து (சால்டரிங்) உறையிட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவதை அனுமதிக்காதீர்கள்.

இன்னொரு குறுக்கு வழியும் காட்டுவார்கள். ரெசிஸ்டரில் சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் பாதுகாப்பு ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. அதை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் மூன்று வேகமும் உடனே வந்துவிடும், கூலி 200 ரூபாயோடு முடிந்துவிடும். ஆனால் அடுத்த முறை சூடேறும்போது தடுக்க எதுவும் இருக்காது, டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கலாம். இதைச் செய்பவரிடம் காரை விடவே விடாதீர்கள்.

புதியதை மாட்டும் முன் சாவியை எடுத்துவிட்டு, புளோயர் விசிறியைக் கையால் சுற்றச் சொல்லிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். இறுகினாலோ கரகரத்தாலோ மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கிறது. ரெசிஸ்டர் எரிந்ததற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். அப்போது மோட்டாரையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். விசிறியில் இலை, தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்தாலே போதும்.

15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டலாம் என்கிறார்கள். பாகத்துக்கு எங்கே போவது என்று கேட்டால் பதில் சொல்ல அந்த ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடையாது. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். மெக்கானிக்கிடம் எரிந்த ரெசிஸ்டரைக் கழற்றி உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வேறு ஏசி எலெக்ட்ரீஷியனைப் பாருங்கள்.