தெரு போடும்வரை சொத்து வரி கட்டாமல் இருக்கலாமா?

கேள்வி: மேற்கு மாவட்டம் ஒன்றில், மாநகராட்சி எல்லைக்குள் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. அப்ரூவல் பிளான்படி 1,180 சதுர அடி. நாங்களே குடியிருக்கிறோம். அரையாண்டுக்கு 2,000 ரூபாயாக இருந்த சொத்து வரி 2022-இல் 3,500 ஆனது. அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. பாதாள சாக்கடைக்குத் தோண்டிய எங்கள் தெருவை இன்னும் சரிசெய்யவில்லை. பட்ஜெட்டிலோ ரவுண்டானாவை அழகுபடுத்த நிதி ஒதுக்குகிறார்கள். "தெரு போடும்வரை யாரும் வரி கட்ட வேண்டாம்" என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போடப்போகிறது. சட்டப்படி இது செல்லுமா?

பதில்: செல்லாது. கோபம் நியாயம்தான், ஆனால் தீர்மானத்தால் அடி உங்களுக்குத்தான் விழும். வரி என்பது குறிப்பிட்ட சேவைக்குக் கொடுக்கும் விலை அல்ல என்று 1954-லேயே சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'தெருவைப் போடு, வரி தருகிறேன்' என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது. கட்டாமல் விட்டால் நிலுவையோடு அபராதமும் சேரும். நாளைக்குப் பெயர் மாற்றம், கட்டட அனுமதி என்று போய் நின்றால் முதலில் வரி ரசீதைத்தான் கேட்பார்கள்.

சரி, உயர்வையே எதிர்க்கலாமா? 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, ஏப்ரலில் வரி உயர்வு வந்தது. அந்த வரிசையைப் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் உயர்வை எதிர்த்துப் போட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையை ஏற்றுக்கொண்டது. மத்திய நிதியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழுவின் மானியம் வேண்டுமானால் சொத்து வரியைச் சீரமைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அரசின் பின்னால் இருந்தது. அந்தக் கதவில் முட்டுவதில் பலனில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு அப்போதைய உயர்வு இப்படி: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உங்கள் வீடு 1,180 என்றால் 2,000 ரூபாய் 3,000 ஆகியிருக்க வேண்டும். 3,500 என்பது 75 சதவீதக் கணக்கு. அதாவது அவர்கள் பதிவேட்டில் உங்கள் வீடு 1,200-ஐத் தாண்டி நிற்கிறது. மாடிப்படிக்கு மேலே மொட்டை மாடியில் நிற்கும் கூரை அறை, கார் நிறுத்தும் ஷெட், எப்போதோ போட்ட தகரக் கொட்டகை என்று எதையாவது சேர்த்து அளந்திருக்கலாம். இதில் ஒரு விஷயத்தையும் கவனியுங்கள்: 2024-இல் வந்த 6 சதவீத உயர்வு இந்தத் தவறான தொகையின் மேல்தான் ஏறியிருக்கும். அடுத்தடுத்த உயர்வுகளும் அப்படியே. இப்போதே திருத்தாவிட்டால் வட்டிக்கு வட்டி மாதிரி வளரும்.

எனவே முதலில் உங்கள் வரி விதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, அளவீட்டு விவரத்தின் நகலைக் கேளுங்கள். பரப்பு மட்டுமல்ல, எந்த மண்டலம், என்ன வகைக் கூரை, கட்டடத்தின் வயது, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பதையும் பாருங்கள். நீங்களே இருக்கும் வீட்டை வாடகை வீடு என்று போட்டிருந்தால் அதுவும் தொகையைக் கூட்டும். தவறு இருந்தால் பிளான் நகலை இணைத்து, மறு அளவீடு கேட்டு ஆணையருக்கு மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். புது நோட்டீஸ் வந்திருந்தால் அதில் உள்ள கெடுவுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். ஆணையர் மறுத்தால் மேல்முறையீடு உண்டு. இதற்கிடையில் வரியைக் கட்டிவிடுங்கள், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள். கூடுதலாகக் கட்டியதைப் பின்வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளும்படி கேட்கலாம்.

அப்புறம் ரவுண்டானா. எதற்குச் செலவு செய்வது என்பது மாமன்றத்தின் முடிவு. ரசனை சரியில்லை என்று நீதிமன்றம் தலையிடாது. விதிமீறலோ முறைகேடோ இருந்தால் கதை வேறு. அதைத் தோண்ட, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் மனு போதும். 'ஏன் தெரு போடவில்லை?' என்று கேட்காதீர்கள், மழுப்பலான ஒரு பதில் வரும். உங்கள் தெருப் பணியின் மதிப்பீடு, ஒப்பந்த உத்தரவு, முடிக்க வேண்டிய தேதி, முடித்த வேலையைப் பொறியாளர் அளந்து பதியும் அளவுப் புத்தகம், கொடுத்த பில்கள், உள்ளாட்சி நிதித் தணிக்கையின் ஆட்சேபங்கள் என்று ஆவணங்களாகக் கேளுங்கள். பணியை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட ஜல்லி, சிமெண்டின் மாதிரியைச் சான்றுடன் எடுக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. இதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு, ஆனால் இப்படி ஒரு மனு போனால் பொறியாளர் தெருவுக்கு வருவார். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. ஆவணம் கையில் கிடைத்த பிறகு வார்டு குழுவிலும், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபாவிலும் எழுப்புங்கள். பில் போட்ட வேலை தெருவில் இல்லையென்றால் உள்ளாட்சி முறைகேடுகளை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு (ஆம்புட்ஸ்மேன்) புகார் அனுப்பலாம்.

ஒன்று கேட்க வேண்டும். பாதாள சாக்கடை இணைப்புக்கு டெபாசிட்டோ மாதக் கட்டணமோ கட்டினீர்களா? அது வரி அல்ல, கட்டணம். கட்டணம் என்றால் பதிலுக்குச் சேவை இருக்க வேண்டும். இணைப்பே தராமல் அதை வசூலித்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ரசீதின் நகலோடு எழுதுங்கள்.